ஒண்ணே முக்கால் நிமிஷம்

போன மாதம் பேத்தியின் நாய்க்குத் தடுப்பூசி போடக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே இருந்த டாக்டர் அம்மா மதுரைப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு நாயின் கன்னத்துக்குள் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு சின்னக் குழாயில் போட்டு மூடினார். என்னம்மா இது என்று கேட்டேன்.

"லேபுக்கு அனுப்புறோம் அங்கிள். இந்த ஜாதி நாய்க்குப் பரம்பரையா ஒரு வலிப்பு வரும். இதுக்கு வருமா, குட்டிக்குப் போகுமான்னு சொல்லிருவாங்க."

"அல்சேஷனுக்கும் சொல்லுவாங்களா?"

"அதுக்கு இன்னும் சரியாப் பிடிபடல அங்கிள். உங்க காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சாக்பீஸ்லம்மா" என்றேன். சிரித்தார். கிழவன் ஜோக்கடிக்கிறான் என்று நினைத்திருப்பார். வாஸ்தவமாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அதற்கு விளக்கம் வேண்டும் என்று உறைத்தது. "எழுதிக் கொடுங்க அங்கிள், தமிழ்லயே எழுதுங்க, எனக்குப் படிக்க வரும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் பேர் சங்கரலிங்கம். ஊர் தென்காசிப் பக்கம். மாட்டுக்கு மருந்து புகட்டத் தெரியும், ஊசி கொதிக்க வைக்கத் தெரியும், ஒரு வருஷக் கம்பவுண்டர் படிப்புக்குச் சர்ட்டிபிகேட் உண்டு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு டெல்லிக்கு ரயிலேறினவன். ஒரு மிருக ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பேர் எதற்கு, ஆஸ்பத்திரி என்றே சொல்கிறேன். முதல் இரண்டு வருஷம் குளிரில் நடுங்கினதும் இந்தியில் திட்டு வாங்கினதும் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வருஷம் டாக்டர் கன்னா வந்தார். என் உத்தியோகம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாகூரிலிருந்து அகதியாக வந்த குடும்பம் அவருடையது. வரும்போது மிஞ்சியது மணிக்கட்டில் இருந்த கடிகாரம் மட்டும்தான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் வாயால் நான் கேட்டதில்லை. அதிகம் பேசுகிற ஆள் கிடையாது. கோபம் வந்தால் இன்னும் குறைவாகப் பேசுவார். வலிப்பு என்று ஒரு நாயைக் கொண்டுவந்தால் போதும், கடிகாரத்தைக் கழற்றி முகம் மேலே இருக்கும்படி மேஜையில் வைப்பார். ஒரு பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டு நாயின் உயரத்துக்கு உட்காருவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கண்ணால் பார்த்தது யார்?" பார்க்காதவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிடுவார். வீட்டுக்கார துரையே ஆனாலும் சரி, பார்த்தது சமையற்காரன் என்றால் சமையற்காரனுக்குத்தான் நாற்காலி.

அப்புறம் வரிசையாகக் கேட்பார். வருவதற்கு முன் நாய் என்ன செய்தது? தூங்கிக்கொண்டிருந்ததா, விழித்திருந்ததா? எந்தப் பக்கம் விழுந்தது? எழுந்த பிறகு உங்களை அடையாளம் தெரிய எவ்வளவு நேரமாயிற்று? எல்லாம் நான் ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். கடைசியாக, வலிப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்பார். பத்து நிமிஷம், கால் மணி, அரை மணி என்று வாய்க்கு வந்தபடி சொல்வார்கள். அதை மட்டும் பென்சிலில் எழுதச் சொல்வார். அவர் கண்ணெதிரே நாய்க்கு வலிப்பு வந்து, அவர் கடிகாரம் சொன்னால்தான் இங்க். நான் அங்கே இருந்தவரைக்கும் பென்சிலில் அரை மணி நேர வலிப்புகள் நிறைய உண்டு. அதே நாய்களுக்கு இங்க்கில் மூன்று நிமிஷத்தைத் தாண்டினது ஒன்றுகூட இல்லை. ஐந்து நிமிஷம் தாண்டினால் ஓடிப்போய் வலிப்பை நிறுத்த ஊசி போடவேண்டும், அது வேறு சங்கதி என்பார்.

"கடீ தேக்கோ லிங்கம். குத்தே கோ மத் தேக்கோ" என்பார். கடிகாரத்தைப் பார், நாயைப் பார்க்காதே. எனக்கு முதலில் இது கல்நெஞ்சமாகத்தான் பட்டது. துடிக்கிற உயிரைப் பார்க்காமல் முள்ளைப் பார்க்கச் சொல்கிறாரே மனுஷன் என்று நினைத்தேன்.

அந்தக் காலத்து டெல்லியில் நாய் வாயில் நுரை தள்ளினால் வெறி என்றுதான் அர்த்தம். ஒருநாள் பத்துப் பேர் லத்தியும் கையுமாக ஒரு அல்சேஷனைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். ஊசி போட்டுக் கொன்றுவிடுங்கள் என்றார்கள். டாக்டர் சாக்கோடு கூண்டுக்குள் வைத்து வெளியிலிருந்தே கட்டை அவிழ்த்துவிடச் சொல்லி, பத்து நாள் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்றார். தினம் தூரத்திலிருந்து சாப்பாடு தள்ளினோம். நாலாம் நாள் எங்கள் கண்முன்னாலேயே அதற்கு வலிப்பு வந்து, ஒரு நிமிஷம் நாற்பது விநாடியில் நின்றது. பதினோராம் நாள் வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று. வெறியும் இல்லை, கிறியும் இல்லை. அந்த நாய்க்கு வயது இரண்டு. அது பிறந்த விவரம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதன் அப்பன் அம்மைக்குப் பொருத்தம் பார்த்தவன் நான்.

இதை விவரமாகச் சொல்லவேண்டும். லோதி ரோடு, மோதி பாக், புசா ரோடு என்று நம்மாட்கள் இருந்த இடங்களில் அல்சேஷன் வளர்ப்பது அப்போது ஒரு கௌரவம். பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். நான் சைக்கிளில் போய் வம்சக் காகிதத்தைப் பார்த்து, மூன்று தலைமுறைப் பேரையும் என் நோட்டில் எழுதிக்கொண்டு, தகுந்த ஆண் நாயைச் சொல்வேன். ஒரு குட்டி கொடுப்பார்கள், அதை யாருக்காவது கொடுப்பேன். என் வீட்டுக்காரி தலையிலடித்துக் கொள்வாள். "மனுசப் பிள்ளைக்கு ஒரு மாப்பிள்ள பாக்கத் துப்பில்ல, நாய்க்குப் பொருத்தம் பாத்துக்கிட்டு அலையுதியளே" என்பாள்.

எங்கள் ஊரில் மாமன் மகளைக் கட்டுவதுதான் முதல் மரியாதை. வெளியே போனால் குணம் எப்படியோ, குலம் எப்படியோ. சொந்தத்தில் முடித்தால் ரத்தம் கெடாது என்பார்கள். நான் கட்டினதும் மாமன் மகளைத்தான். அதே புத்தியோடுதான் நாய்களுக்கும் பொருத்தம் பார்த்தேன். ஓய்வுபெற்ற மேஜர் ஒருவரிடம் சுல்தான் என்று ஒரு ஆண் நாய் இருந்தது. என்ன அழகு, என்ன அடக்கம். கண்காட்சியில் பரிசு வாங்கின நாய். சுல்தானின் மகனுக்குச் சுல்தானின் பேத்தி, மகளுக்கு இன்னொரு வழிப் பேரன் என்று வளைத்து வளைத்துச் சொந்தத்துக்குள்ளேயே முடித்தேன். நல்ல ரத்தம் வெளியே சிந்தாமல் பார்த்துக்கொண்டதாகப் பெருமை வேறு.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் என்று ஞாபகம். வெறி என்று சாக்கில் வந்த நாய்க்குப் பிறகு, அதே மாதிரி ஐந்து அல்சேஷன்கள் வந்துவிட்டன. ஒன்று முதல் மூன்று வயதுக்குள், தூக்கத்தில் தொடங்கும் வலிப்பு, மற்றபடி கல்லு மாதிரி ஆரோக்கியம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நோயாளிகள் எல்லாம் போன பிறகு டாக்டர், "உன்னிடம் வம்ச நோட்டு ஒன்று இருக்கிறதாமே, கொண்டு வா" என்றார்.

தாழ்வாரத்துச் சிமெண்ட் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். கையில் சாக்பீஸ். ஆறு நாய்களின் பேரையும் கீழே வரிசையாக எழுதினார். நான் நோட்டைப் பார்த்து அப்பன் பேர், அம்மை பேர் சொல்லச் சொல்ல, மேலே கோடு இழுத்து எழுதிக்கொண்டே போனார். கோடுகள் தாழ்வாரத்தின் பாதி தூரம் போய்விட்டன. பெருக்க வந்த அம்மாள் துடைப்பத்தோடு தூணோரம் நின்றுவிட்டாள். லோதி ரோட்டு நாயின் அப்பன் வழித் தாத்தா சுல்தான், அம்மை வழிப் பாட்டன் சுல்தான். புசா ரோட்டு நாய்க்கு அப்பனே சுல்தான், அம்மை வழித் தாத்தாவும் சுல்தான். ஆறு நாய்க்கும் இரண்டு பக்கத்துக் கோடும் ஏறிப்போய் அந்த ஒரே பேரில்தான் நின்றது. ஒரு பக்கம் மட்டும் சுல்தான் உள்ள நாய்களையும் எழுதச் சொன்னார். பதினொன்று இருந்தன. அதில் ஒன்றுகூட வலிப்பு என்று வந்ததில்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒருநாளும் வலிப்பு வராத நாய் அந்தச் சுல்தான். அதன் உடம்புக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, மகன் வழியாகவும் மகள் வழியாகவும் தனித்தனியே நடந்து, யார் கண்ணிலும் படாமல் பாதி டெல்லியைச் சுற்றி, மறுபடி இரண்டும் சந்தித்த இடத்தில் எழுந்து நிற்கிறது. கோயிலில் நடை திறக்கும்போது தானாகக் கை குவியுமே, அந்த மாதிரி இருந்தது எனக்கு. அடுத்த நொடியே நோட்டை மூடிவிட்டேன். அந்த இரண்டையும் சந்திக்க வைத்தவன் நான்தானே.

டாக்டர் தரையைப் பார்த்தபடியே கேட்டார். "இந்தப் பொருத்தமெல்லாம் யார் பார்த்தது?"

"நான்தான் டாக்டர் சாப்."

சாக்பீஸ் தூசியைக் கையிலிருந்து தட்டினார். "அச்சா. அப்படியென்றால் எல்லா வீட்டு விலாசமும் உனக்குத் தெரியும்" என்றார்.

அவ்வளவுதான் திட்டு. அதற்கு அடித்திருக்கலாம். எழுந்திருக்கும்போது, "இது இவ்வளவு நேராக இருக்குமென்று நம்பிவிடாதே, நாம் பார்த்தது கொஞ்சம் நாய்கள்தான்" என்றும் சொன்னார். மறுநாளிலிருந்து வேலை முடிந்து சைக்கிளை எடுத்தேன். இரண்டு பக்கமும் சுல்தான் உள்ள குட்டிகள் இன்னும் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கெல்லாம் போய்ச் சொல்லவேண்டும்: இதற்கு வலிப்பு வரலாம், வந்தால் பயப்படாதீர்கள், இதைக் கொண்டு குட்டி எடுக்காதீர்கள். முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தினவர்கள் உண்டு. மேஜர் சுல்தானைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்குக் கை கொடுக்கச் சொல்லி, "இந்த நாயிடம் எங்கே இருக்கிறது நோய், காட்டு" என்றார். என்னத்தைக் காட்டுவது? பிறகு டாக்டரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மேஜர் வீட்டுச் சுவரில் சுல்தானின் வாரிசுகள் போட்டோவாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றும் இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். மேஜருக்குப் பாதிக்குத் தெரியவில்லை. தெரியாதவற்றை நான் சொன்னேன். நாலாவது போட்டோவுக்கு வந்தபோது மேஜர் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் சுல்தானை எந்தப் பெட்டைக்கும் விடவில்லை.

அப்படிச் சொல்லப்போன வீடுகளில் ஒன்று மோதி பாக் குவார்ட்டர்ஸில் நாச்சிமுத்து வீடு. பொள்ளாச்சிக்காரர், ஏதோ மந்திரி ஆபீசில் செக்‌ஷன் ஆபீசர். மகா மரியாதையான மனுஷர். அவர் வீட்டு நாய்க்குச் சுந்தரம் என்று பேர். காகிதத்தில் இங்கிலீஷில் நாலு வரிக்குப் பேர் இருக்கும், கூப்பிடுவது சுந்தரம். நான் பொருத்தம் பார்த்துக் கிடைத்த குட்டி, நானே கையில் தூக்கிக் கொடுத்தது. வாசலில் நின்று, "சார், சுந்தரத்தோட வம்சத்துல வலிப்பு இருக்கு" என்றேன். வலிப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் மனுஷர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எங்கூட்டுல அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார்.

நாயைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வந்துவிட்டேன்.

ஆறேழு மாதம் கழித்து, நல்ல குளிர்காலம், ஒருநாள் காலை அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாயைக் கொண்டுவரவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சுந்தரத்துக்கு ரெண்டு தடவ வந்துருச்சுங்க, நீங்க சொன்ன மாதிரியே. ஊசி போட்டு முடிச்சுரோணுமுங்க."

"மாத்திரை இருக்கு சார். மாத்திரையிலேயே வருஷக்கணக்கா ஓடுற நாய் உண்டு."

"இல்லீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம எம்பொண்ணப் பாக்கப் புசா ரோட்டுலருந்து வராங்க. அதுக்குள்ள முடிச்சாத் தேவலைங்க."

எனக்கு விளங்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் நாயையா பார்க்கப் போகிறார்கள்? நாயைக் கட்டிவைத்தால் போயிற்று. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கண்ணால் பார்த்தது யார்?" என்று கேட்கச் சொன்னார். நாச்சிமுத்து, "நான்தானுங்க" என்றார். எவ்வளவு நேரம் இருந்தது என்றதற்கு, "அரை மணி நேரமாச்சும் இருக்குமுங்க" என்றார். நான் பென்சிலை எடுத்தேன்.

"ஒருமுறையாவது நான் பார்க்காமல் ஊசி கிடையாது" என்றார் டாக்டர். அந்த வம்சத்து நாய்களுக்குப் பகல் தூக்கத்தில் வருவது ரிஜிஸ்டரில் இருந்தது. சுந்தரத்துக்குக் கடைசியாக வந்து மூன்று வாரமாகிறது, அதன் அண்ணன் தம்பிகளுக்கும் அதே கணக்கில்தான் திரும்பி வந்தது. அன்று சனிக்கிழமை. நாளை மத்தியானம் வருகிறோம் என்று சொல்லிவிட்டார். நாச்சிமுத்துவுக்கு அதில் இஷ்டமில்லை, ஆனால் வருகிறவரை வராதீர்கள் என்று சொல்லத் தெரியாத மனுஷர்.

ஞாயிறு மத்தியானம் டாக்டரின் ஸ்கூட்டரில் போனோம். வீட்டுக்குப் பின்னால் சின்ன முற்றம், நல்ல வெயில். சுந்தரம் வெயிலில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்துவின் மனைவி ருக்மணி அம்மாள் காபி கொண்டுவந்தார். மகள் வசந்தி கதவருகே நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும், டெலிபோன் ஆபீசில் வேலை. டெல்லியிலேயே வளர்ந்த பெண், தமிழைவிட இந்தி சரளம். டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி முற்றத்துத் திண்டில் வைத்தார். ஒன்றரை மணி நேரம் நிலக்கடலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வராதோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

சுந்தரம் தலையைத் தூக்கியது. யாரோ கூப்பிட்ட மாதிரி எங்கோ பார்த்தது. அங்கே ஒருவரும் இல்லை. கழுத்து பின்னால் வளைந்தது, நாலு காலும் விறைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. மூச்சு நின்றாற்போல் ஒரு கணம். பிறகு கால்கள் ஓடத் தொடங்கின. படுத்தபடியே, எங்கேயும் போகாத ஓட்டம். தாடை அடித்துக்கொள்கிறது, நுரை, சிறுநீர். டாக்டர் முள்ளைப் பார்த்தபடி சன்னமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ருக்மணி அம்மாள் உள்ளே ஓடினார். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த இரும்புச் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, சுந்தரத்தின் முன்னங்காலில் வைத்து அழுத்தினார். நாய்ப் பாதம் சாவியைப் பிடிக்குமா? நழுவி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்து அழுத்தினார். "பிடி சாமி, பிடிச்சுக்க, பிடிச்சுக்க" என்கிறார். டாக்டர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை ஆட்டி விலகச் சொன்னார்.

அந்தச் சாவிகளைப் பார்த்தேன். எந்தப் பூட்டுக்கும் உரியவை அல்ல, பழைய காலத்துக் கனத்த சாவிகள். கை பட்டுப் பட்டு வழவழவென்றிருந்தன. வலிப்புக்கு இரும்பு கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் இரண்டு தடவை மட்டும் வலிப்பு வந்த நாய்க்காக யாரும் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து வைக்க மாட்டார்கள். வாசலில் அவர் கதவை இழுத்துக்கொண்டதும், பெண் பார்க்க வருமுன் வலிப்பு என்ற பேச்சே வீட்டில் இருக்கக்கூடாதென்று ஊசி கேட்டதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் வசந்தியின் பக்கம் திரும்பவில்லை. திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

ஓட்டம் தளர்ந்தது. ஒரு பெருமூச்சு. "ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி" என்றார் டாக்டர். சுந்தரம் எழுந்து, தள்ளாடி, சுவரில் முட்டிக்கொண்டு, கண் தெரியாததுபோல் முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தது. தண்ணீர்ச் சட்டியைக் கண்டுபிடித்து மடமடவென்று குடித்தது. நிமிர்ந்து ஒவ்வொருவராகப் பார்த்து, வசந்தியிடம் வந்ததும் வால் ஆடியது.

எத்தனையோ வலிப்பு பார்த்தவன் நான். போன உயிர் படியேறித் திரும்பி வந்து, வந்ததும் தனக்கு வேண்டியவளைத் தேடிக் கண்டுபிடிக்கிறதை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது எனக்கு.

வசந்தி நாயருகே தரையில் உட்கார்ந்தாள். "அவ்வளவுதானா?" என்றாள்.

டாக்டர் மாத்திரைப் புட்டியை என்னிடம் நீட்டினார். நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஒரு வேளைகூட...

"விடக்கூடாது. திடீர்னு நிறுத்தக் கூடாது. நிறுத்தினா ஜாஸ்தியா வரும்" என்று அவளே முடித்தாள். எழுந்து உள்ளே போனாள். "வசந்தி, வேண்டாங்கண்ணு" என்று நாச்சிமுத்து சொன்னது அவள் காதில் விழுந்ததோ இல்லையோ. தன் புட்டியைக் கொண்டுவந்து சுந்தரத்தின் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே மருந்துதான். மனுஷனுக்கும் நாய்க்கும் அதே மாத்திரைதான் அப்போது.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்தார். நாச்சிமுத்து என்னைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சொல்லிவிடாதே என்று கும்பிடாத குறை. நான் வாயைத் திறக்குமுன் அவளே இந்தியில் சொன்னாள். "முஜே பீ ஹோதா ஹை, டாக்டர் சாப்." எனக்கும் வரும். "பதினாலு வயசிலேர்ந்து. நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் பாத்திருக்காங்க, நான் மட்டும் பாத்ததில்லை. ஏதோ ரொம்ப பயங்கரம்னு நினைச்சிட்டிருந்தேன்."

டாக்டர் கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கட்டவில்லை. "எவ்வளவு நேரம் இருக்கும், பேட்டீ?" என்று மகளைக் கேட்பதுபோல் கேட்டார். அவளுக்கு எப்படித் தெரியும்? நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.

"அரை மணி நேரம் இருக்குமுங்க" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"சுந்தரத்துக்கும் அரை மணி என்றுதான் சொன்னார்" என்றார் டாக்டர் என்னிடம். "இவரைக் குற்றம் சொல்லாதே. அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்தமுறை கடிகாரத்தைப் பார்க்கச் சொல்."

வசந்தி விடவில்லை. "சுந்தரத்துக்கு வம்சத்துலேர்ந்து வந்ததுன்னு லிங்கம் மாமா சொன்னாராமே. எனக்கு யார்கிட்டேர்ந்து?"

அது தனக்குத் தெரியாது, மனுஷ டாக்டரிடம்தான் கேட்கவேண்டும், பரம்பரையாக இல்லாமலும் வரும் என்றார் டாக்டர். "நாய்க்குக் காகிதம் இருக்கிறது. மனுஷர்கள் எழுதி வைப்பதில்லை" என்றார். அதை நான் தமிழில் சொன்னேன். நாச்சிமுத்து கீழே கிடந்த சாவிக் கொத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ற தங்கச்சி ஒருத்தி இருந்தாளுங்க" என்றார். "தோட்டத்துக் கெணத்துமேட்டுல துணி தொவச்சுட்டிருந்தவ, வலிப்பு வந்து கெணத்துக்குள்ள விழுந்து போயிட்டா. கூட ஆளிருந்தாங்க. பக்கத்துல போகப் பயந்துட்டு நின்னுட்டாங்க. கால் தவறிருச்சுன்னுதான் இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டிருக்கோம். இவளுக்கே இப்பத்தான் சொல்றேன்."

ருக்மணி அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். சுந்தரம் ஒன்றும் அறியாமல் அவர் காலடியில் போய்ப் படுத்தது. அதற்குமேல் ஊசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த வாரமே நாச்சிமுத்து புசா ரோட்டுக்குப் போய், பெண்ணுக்கு இப்படி என்று தன் வாயால் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. "போகட்டுமுங்க" என்றார் என்னிடம், பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது. வசந்தி சுந்தரத்துக்கும் தனக்கும் ஒரே நேரத்தில் மாத்திரை எடுத்து வைப்பதாகச் சொன்னார்.

வெயில் காலம் வந்துவிட்டது. ஒருநாள் காலை மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றிருந்தேன். வரிசையில் நாச்சிமுத்து. கையில் நாய் இல்லை. திக்கென்றது எனக்கு.

"சுந்தரம் நல்லா இருக்குதுங்க" என்றார் முதலில். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினார். ஆபீஸ் காகிதத்தின் ஓரத்தைக் கிழித்தது. தேதியும் மணியும் போட்டு, கீழே ஒரே வரி: ஒண்ணே முக்கால் நிமிஷம். இங்க் பேனாவால் எழுதியிருந்தது.

"நேத்து வசந்திக்கு வந்துச்சுங்க. நான் கடிகாரத்தத்தான் பாத்தேன்."

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து ஜன்னலுக்கு வந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஜல்தி, ஜல்தி என்றார்கள்.

நாச்சிமுத்து காகிதத்தைத் திரும்ப வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகத் திரும்பினவர் நின்றார்.

"என்ற தங்கச்சிக்கும் அவ்வளவுதானுங்க இருந்திருக்கும்" என்றார்.